நெத்திலி டப்பா கேட்ட கேள்வி

தல்சுவின் அம்மா குத்சுன் வாயைத் திறந்தால் யோங்டோ தீவில் கட்டிப்போட்ட கப்பலெல்லாம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஜப்பானுக்கு ஓடப் பார்க்கும். அப்படி ஒரு குரல். அவள்மேல் தப்பில்லை. வயசுக் காலம் முழுக்கக் கப்பல் பட்டறையில் தொங்குபலகையில் உட்கார்ந்து, இரும்பு வயிற்றில் சுத்தியலால் துரு தட்டியவள். காது போய்விட்டது. காது போனவளுக்குத் தன் பேச்சாவது தனக்குக் கேட்க வேண்டாமா? தெருவில் முக்கால்வாசிப் பெண்கள் அதே பட்டறையில் அதே சுத்தியலைப் பிடித்தவர்கள். அதனால் அந்தத் தெருவில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. ஒரு வீட்டில் குழம்புக்கு உப்பு அதிகமானால் பூசான் துறைமுகம் முழுக்கத் தண்ணீர் குடிக்கும்.

குத்சுன் என்றால் கடைசிப் பெண். இதோடு பெண் போதும் என்று அவள் அப்பா வைத்த பெயர். கடவுளுக்கும் காது மந்தம் போலிருக்கிறது, அதற்கப்புறமும் இரண்டு பெண்கள் பிறந்தார்கள்.

அவளுக்கு ஒரே மகன், தல்சு. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒற்றை அறையில் குடியிருந்துகொண்டு, அரிசிக் குக்கர் பழுது பார்க்கிற வேலை செய்தான். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் இல்லை. கேட்டால், "குக்கர்னா மூடியத் திறந்து பார்த்து என்ன கோளாறுன்னு சொல்லிடலாம். பொம்பளைய அப்படிப் பார்க்க முடியுமா?" என்பான். அவனும் ஒன்றும் திறந்து காட்டுகிற ஆள் இல்லை.

அவனை மாற்றியது பாங் கேப்டனின் சாவு. பாங் கேப்டன் தெருவின் கீழ்முனையில் தனியாக இருந்தவர், இழுவைப் படகு ஓட்டி ஓய்வுபெற்றவர். டிவி முன்னால் உட்கார்ந்தபடியே செத்துப் போனார். டிவி கத்திக்கொண்டே இருந்ததால் ஆள் நன்றாக இருக்கிறார் என்று தெரு நினைத்துக்கொண்டது. சத்தம் தாங்காமல் சண்டை போடப் போனவர்கள்தான் கதவை உடைத்துப் பார்த்தார்கள். அதற்குள் நாள் பல ஆகியிருந்தது.

அன்றிலிருந்து தல்சுவுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அம்மாவுக்கும் இப்படி ஆகிவிட்டால்? தான் பாலத்துக்கு அந்தப் பக்கம் எவன் குக்கரையோ பிரித்துக்கொண்டிருக்கும்போது, இந்தப் பக்கம் அவள் யாரும் அறியாமல் போய்விட்டால்? கம்பெனி, முதலீடு, மேடை, கைதட்டல் என்று பின்னால் வந்ததெல்லாம் இந்த ஒரு பயம் போட்ட குட்டிகள்தான்.

செத்துப்போன குக்கர்களிலிருந்து ஒலிபெருக்கியும் மின்சுற்றுப் பலகையும் கழற்றினான். பெட்டிக்கு என்ன செய்வது? அம்மா நெத்திலி வறுத்துக் கொடுத்தனுப்பிய பிளாஸ்டிக் டப்பா இருந்தது. எல்லாவற்றையும் அதற்குள் அடைத்து, ஓட்டை போட்டு வயரை இழுத்து, அவளிடமே கொண்டுபோய்க் கொடுத்தான். எவ்வளவு கழுவியும் நெத்திலி வாடை போகவில்லை. தெருப் பூனைகள் ஜன்னல் பக்கம் மாநாடு போட்டன.

டப்பாவுக்குத் தெரிந்தது இரண்டே வாக்கியம். இரண்டும் தல்சுவின் குரல். சாயங்காலம் சோற்று வேளைக்கு, "அம்மா! சோறு தின்னியா?" என்று கத்தும். பதில் வராவிட்டால் இன்னும் சத்தமாகக் கத்தும். அப்புறம் இன்னும் சத்தமாக. குக்கர் விசில் தோற்றுவிடும். அவள் எதையாவது சொல்லி முடித்தால், "சரிம்மா. நாளைக்கு வர்றேன்" என்று அடங்கும். அவள் சொன்னது அவன் செல்போனுக்கு வரும். பஸ்ஸில் நின்றபடி கேட்பான். முள்ளங்கி கசந்தது, படிக்கட்டில் வழுக்கியது, பக்கத்து வீட்டு தொக்சிம் கடன் வாங்கிய குடையைத் திருப்பித் தராதது, எல்லாம் அதில் இருக்கும்.

ஒரே ஒரு குறை. டப்பா அடிக்கடி செத்துப்போகும். உடனே குத்சுனிடமிருந்து போன் வரும்.

"டேய்! உன் டப்பா மண்டையப் போட்டுருச்சு!"

"என்னம்மா, முந்தாநாள்தானே சரி பண்ணேன்?"

"நீ பண்ண லட்சணம் அப்படி! வந்து பாரு!"

போய்ப் பார்த்தால் எப்போதும் அதே கம்பிதான் கழன்று கிடக்கும். ஈயம் வைத்து ஒட்டுவான். அதற்குள் அடுப்பில் முள்ளங்கி போட்ட வாளைமீன் கொதித்துக்கொண்டிருக்கும்.

"சரியாயிடுச்சும்மா."

"அத அதுகிட்ட சொல்லு. நீ உக்காந்து தின்னுட்டுப் போ. உன் மூஞ்சி குக்கர்ல வேகாத அரிசி மாதிரி இருக்கு."

ஊரிலுள்ள குக்கரையெல்லாம் பிரித்துப் போட்டவன், ஒரே ஒரு கம்பியை ஒட்டத் தெரியாமல் தவித்தான். ஒட்டுவான், கழலும். வருவான், தின்பான். அந்தப் பருவத்தில் தல்சுவின் இடுப்பு பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது.

இந்த நேரத்தில்தான் ஹேரின் வந்தாள். சியோல் பெண். அங்கே ஒரு பெரிய கம்பெனியில், சாமான் வாங்குகிறவர்களின் மனசைத் தோண்டிப் பார்க்கிற வேலை. அது அலுத்துப்போய்ப் பூசானுக்கு வந்து, புதுத்தொழில் தொடங்குவோர் கூடும் இடத்தில் யாருடைய யோசனையாவது தேறுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே குக்கர் பழுது பார்க்கப் போன தல்சு, கையோடு சரி பண்ணத் தூக்கி வந்திருந்த நெத்திலி டப்பாவை மேசையில் வைத்திருந்தான். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"இது விக்குங்க" என்றாள்.

"எது, நெத்திலியா?"

"டப்பாங்க. நாட்டுல தனியா இருக்கிற அம்மா அப்பா எத்தனை பேரு! ஆனா இது இப்போ உங்க அம்மாவுக்கு மட்டும் செஞ்சது. எல்லா அம்மாவுக்கும் ஆகணும்னா, பயன்படுத்துறவங்க என்ன சொல்றாங்களோ அதக் கேட்டுக் கேட்டு மாத்தணும். நாம நெனைக்கிறது முக்கியமில்ல."

அன்றிலிருந்து அவனை அவள் "தலைவரே" என்று கூப்பிட ஆரம்பித்தாள். தல்சு முதல் இரண்டு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தான், யாரைக் கூப்பிடுகிறாள் என்று.

நெத்திலி டப்பா மாதிரியே சில டப்பாக்கள் செய்து தெருவில் வீட்டுக்கு ஒன்று வைத்தார்கள். ஹேரின் வீடுவீடாகப் போய்க் கேட்டு, சொன்னதையெல்லாம் வண்ணச் சீட்டில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டினாள். நல்லதென்றால் பச்சை, சுமாரென்றால் மஞ்சள், மோசமென்றால் சிவப்பு. ஒரே வாரத்தில் சுவர் அம்மை போட்டதுபோல் சிவந்துபோயிற்று.

"யாரு பெத்த புள்ள இது, என்னைய அம்மாங்குது?" என்றாள் தொக்சிம். "நான் பெத்தது மூணு. ஒண்ணுகூட இப்படிக் கேட்டதில்ல. திடீர்னு கேட்டா நெஞ்சு பதறுது. யாரோ சொத்து எழுதி வாங்க வந்துட்டான்னு நெனச்சேன்."

மலைமேல் வீட்டுக்காரர், சிவப்பு விளக்கு கண் சிமிட்டுவது போலீஸ் உளவு பார்க்கத்தான் என்று தொப்பியைப் போட்டு மூடினார். இன்னொருத்தி துணி மாற்றும்போதெல்லாம் அதைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தாள், ஆம்பளைக் குரலாச்சே என்று. பூனைத் தொல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். வயர் கழல்கிறதா என்று கேட்டதற்கு மட்டும் யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை. மற்ற வீடுகளில் கம்பி கழலவேயில்லை. தல்சு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா வீட்டில் ஈரக்காற்று அதிகம் என்று முடிவு கட்டினான்.

ஹேரின் ஒவ்வொரு சிவப்பையும் கிழித்து எறியத் தொடங்கினாள். டப்பா போய் வெள்ளை முட்டை வந்தது. சிவப்பு விளக்கு போயிற்று. கம்பியே இல்லாத பலகை வந்தது. தல்சுவின் குரல் போய், செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல் வந்தது. இரண்டாவது வாக்கியத்தில்தான் கொஞ்சம் வாக்குவாதம்.

"தலைவரே, 'நாளைக்கு வர்றேன்'னு மெஷின் எப்படிங்க சொல்லும்? அடுத்த வீட்டுப் புள்ளைங்க நாளைக்கு வருவாங்கன்னு நாம எப்படி வாக்குக் குடுக்கிறது?"

அது நியாயம்தான். வாக்கியம் போயிற்று.

கடைசியாகக் கேள்வி. சாப்பிட்டியா என்று கேட்டால் யோங்டோவில் யாரும் ஆமாம், இல்லை என்று சொல்வதில்லை. தொக்சிமிடம் கேட்டால் அயிலை மீனில் ஆரம்பித்து, மருமகள் வழியாக, யுத்தக் காலப் பஞ்சம்வரை போய்த் திரும்பி வருவாள். அதற்குள் வைத்த குழம்பு புளித்துவிடும். இந்தப் பதிலிலிருந்து ஆள் சௌக்கியமா இல்லையா என்று மெஷின் எப்படிக் கண்டுபிடிக்கும்?

"ஒரு வார்த்தையில பதில் வர்ற கேள்வியா கேக்கணும்" என்றாள் ஹேரின். "காலையில, 'நலமா இருக்கீங்களா?' அவ்ளோதான்."

உண்மையிலேயே ஒரு வார்த்தையில் பதில் வந்தது. எல்லா வீட்டிலும் ஒரே வார்த்தை.

"பரவாயில்ல."

அந்த ஊர் வாயில் அது கேயன்தா. காலை உடைத்துக்கொண்டாலும் பரவாயில்ல. இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்றால் பரவாயில்ல, அதாவது வேண்டாம். விலையுயர்ந்த உடுப்பொன்று வாங்கிக் கொடுத்தால் பரவாயில்ல, அதாவது ரொம்பப் பிடித்திருக்கிறது. புருஷன் எப்படி என்றால் பரவாயில்ல, அதாவது கேட்காதே. ஒரு மனுஷன் சொல்லவேண்டிய நூறு விஷயத்தைச் சொல்லாமல் விடுவதற்கென்றே செய்துவைத்த வார்த்தை அது. தாய்ப்பாலோடு அதைக் குடித்து வளர்ந்தவன் தல்சு. ஆனாலும் மெஷினுக்கு 'பரவாயில்ல' என்றால் பச்சை என்று கற்றுக்கொடுத்தது அவன்தான். அவனுக்கு அது பச்சையாக இருக்க வேண்டியிருந்தது.

வெள்ளை முட்டையை அம்மாவிடம் அவனே கொண்டுபோனான். குத்சுன் அதைக் கையில் எடுத்து, கோழியிடமிருந்து வந்ததா என்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முட்டை பேசியது. "வணக்கம். நலமா இருக்கீங்களா?"

"யார்றா இவ?"

"யாருமில்லம்மா, மெஷின்."

"ஏரோப்ளேன் வருதுன்னு சொல்றவ மாதிரி பேசுறா. முன்ன இருந்தவன் எங்க?"

"அது நான்தாம்மா."

"அது தெரியும்டா. எங்கன்னுதான் கேட்டேன்."

"இப்போ எல்லாருக்கும் இந்தக் குரல்தாம்மா. நாள்பூரா சோதிச்சுப் பார்த்து, எல்லார்கிட்டயும் கேட்டு வச்சது."

"எங்கிட்ட யாரும் கேக்கலயே."

"இப்போ கேக்கறேன். எப்படி இருக்கு?"

"முன்ன இருந்ததே நல்லா இருந்துச்சு."

தல்சு சிரித்தான். வயசானவர்கள் புதுச் சாமானைப் பார்த்தால் இப்படித்தான் சொல்வார்கள் என்று ஹேரின் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தாள். "பழகிடும்மா. நல்லாத்தானே இருக்கு?"

குத்சுன் அவன் முகத்தைப் பார்த்தாள். வேகாத அரிசி வெந்து மலர்ந்ததுபோல் இருந்தது அது. பிள்ளை முகத்தை அப்படிப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்றோ.

"பரவாயில்ல" என்றாள்.

சுவரில் ஒரு பச்சைச் சீட்டு ஏறியது.

"பழைய டப்பாவக் குடும்மா, எடுத்துட்டுப் போறேன்."

"அதக் குப்பை வண்டியில போட்டுட்டேன். பூனைத் தொல்லை."

வெள்ளை முட்டை கெட்டுப்போகவே இல்லை. அதனால் குத்சுனிடமிருந்து போனும் வரவில்லை. தல்சுவுக்குப் பெருமை தாங்கவில்லை. காலையில் எழுந்ததும் செல்போனைப் பார்ப்பான். அம்மா பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. அதைப் பார்த்துவிட்டுத்தான் பல் துலக்குவான். நாள்விட்டு நாள் போனவன் மாதத்துக்கு ஒருமுறை போனான். அப்புறம் அறுவடைத் திருநாளுக்குப் போனான். அன்றும் பாலத்தில் நெரிசல் ஆகுமென்று சாயங்காலத்துக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டான்.

ஒரே ஒரு தடவை அவளே கூப்பிட்டாள்.

"டேய், இது கெட்டே போகாதா?"

"போகாதும்மா! கடல்ல தூக்கிப் போட்டாலும் வேலை செய்யும்!"

"அப்படியா?" அந்தக் குரல், கப்பலை மிரட்டுகிற குரல், எங்கேயோ இறங்கிப்போனது. "அப்போ பரவாயில்ல. வச்சிடறேன்."

சியோலில் பெரிய கூட்டம். முதலீடு போடுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் முகமும் இப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் பளபளத்தது. தல்சு வாடகைக் கோட்டு போட்டுக்கொண்டு மேடையேறினான். மனப்பாடம் செய்திருந்த பேச்சு மறந்துபோயிற்று. கீழே ஹேரின் கையைக் காற்றில் ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். கடைசியில் அவன் செல்போனை எடுத்துத் திரையில் காட்டினான்.

"இது எங்க அம்மா. யோங்டோவுல தனியா இருக்காங்க. நான் இங்க இருக்கேன். ஆனா இன்னிக்குக் காலையில அவங்க நல்லா இருக்காங்கன்னு எனக்குத் தெரியும்."

பெரிய திரையில் பச்சைப் புள்ளி. கைதட்டல் கூரையைப் பெயர்த்தது.

சாயங்காலம், யார் யாரோ அவன் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருக்கும்போது தொக்சிமிடமிருந்து போன் வந்தது. அவள் பேசினால் போனைக் காதில் வைக்க வேண்டாம், கையை நீட்டிப் பிடித்தாலே போதும். அன்றைக்கு மட்டும் காதில் வைத்து அழுத்தினால்தான் கேட்டது.

"தல்சு. குடையத் திருப்பிக் குடுக்கப் போனேன்டா. உங்கம்மா அடுப்படியில கெடக்கா. எழுப்பினேன். எந்திரிக்கலடா."

ஆஸ்பத்திரி டாக்டர், இதயம் என்றார். வலி திடீரென்று வந்ததில்லை, சில வாரமாவது இருந்திருக்கும், உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டார். தல்சு செல்போனை எடுத்து அவரிடம் காட்டினான், தினமும் கேட்டோமே என்பதுபோல். பச்சை, பச்சை, பச்சை. டாக்டர் பாவம், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த சாவுக்கூடத்தில் குத்சுனின் போட்டோவைப் பூக்களுக்கு நடுவில் வைத்தார்கள். அடையாள அட்டைக்கு எடுத்த படம், முறைத்துக்கொண்டிருந்தாள். தல்சு கறுப்புக் கோட்டும் துக்கக் கைப்பட்டையுமாக வந்தவர்களையெல்லாம் கும்பிட்டான். கும்பிட்ட நேரம் போக, மூலையில் உட்கார்ந்து, அவள் போன அன்றைக்குக் காலை முட்டை பதிவு செய்ததைக் காதில் வைத்துக் கேட்டான். "நலமா இருக்கீங்களா?" அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு மூச்சு, மலைப்படி முழுவதும் ஏறி வந்தவள் விடுகிற மூச்சு. அதற்கப்புறம்தான் "பரவாயில்ல". மெஷினுக்கு வார்த்தை தெரியும். மூச்சு தெரியாது. அதற்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

ஹேரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் கண் வீங்கியிருந்தது.

"நான் கேட்ட கேள்விதாங்க தப்பு. எங்கம்மா போன் பண்ணி நலமான்னு கேட்டா, நானும் இதத்தான் சொல்றேன்."

"நீங்க சியோல்காரங்க. உங்களுக்குத் தெரியாது" என்றான் தல்சு. "எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பச்சை போட்டேன்."

தொக்சிம், துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் பரிமாறிய சிவப்பு மாட்டுக்கறி சூப்பில் சோற்றைப் போட்டுப் பிசைந்தாள், தின்னவில்லை. திடீரென்று கரண்டியை வைத்துவிட்டு அவன்மேல் பாய்ந்தாள்.

"ஏன்டா, அவதான் தினமும் உங்கிட்ட சொன்னாளே! நெஞ்சு அடைக்குது, படியேற முடியலன்னு சொன்னாளே! எங்க வீட்டுச் சுவரு வரைக்கும் கேட்டுச்சே! சரி, புள்ளகிட்ட சொல்றா, அவன் கூட்டிட்டுப் போயிக் காட்டுவான்னுதானே நான் சும்மா இருந்தேன்!"

"எங்கிட்டயா? எங்கிட்ட எதுவும் சொல்லல சித்தி."

"பொய் சொல்லாத! நீயும் பதில் பேசுவியே, எனக்குக் கேக்குமே! நேத்து சாயங்காலம்கூட அந்த வீட்டுல நின்னு கத்திக்கிட்டிருந்த!"

நேற்றுச் சாயங்காலம் அவன் இங்கே, இந்தக் கூடத்தில், போட்டோ முன்னால் கும்பிட்டுக்கொண்டிருந்தான். பாவம், கிழவிக்குத் துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்று அவள் கையைத் தடவிக்கொடுத்தான்.

எல்லாம் முடிந்த பிறகு வீட்டைக் காலி பண்ணப் போனான். கிம்ச்சி ஜாடிகளைத் தொக்சிமுக்குக் கொடுத்தான். வெள்ளை முட்டையைப் பிடுங்கிப் பைக்குள் போட்டான். அடுப்பில் பாத்திரம் அப்படியே இருந்தது. ஒருத்திக்கு ஒரு துண்டு போதும், கிடந்தது இரண்டு துண்டு வாளைமீன், முள்ளங்கியோடு. அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். வெளியே வெளிச்சம் குறைந்தது. பட்டறைச் சத்தம் ஓய்ந்தது.

"அம்மா! சோறு தின்னியா?"

தல்சு திரும்பிப் பார்த்தான். அது அவன் குரல். அவன் வாய் மூடியிருந்தது.

"அம்மா! சோறு தின்னியா?" இன்னும் சத்தமாக.

போர்வை அலமாரியிலிருந்து வந்தது. கதவை இழுத்துத் திறந்தான். மடித்து வைத்த குளிர்காலப் போர்வைகளுக்கு நடுவில், ஒரு குழந்தையைப் படுக்கவைத்ததுபோல், நெத்திலி டப்பா இருந்தது. வயர் அலமாரியின் பின்பலகையைத் துளைத்துச் சுவருக்குப் போயிருந்தது. துளை ஒரே அடியில் போட்டது, விளிம்பு சுத்தமாக இருந்தது. சுத்தியல் பிடித்த கை.

மூடியைத் திறந்தான். வழக்கமாகக் கழலும் அந்தக் கம்பி கழலவில்லை. அதன் கழுத்தைச் சுற்றி, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையிலிருந்து வெட்டிய இளஞ்சிவப்பு வளையம் ஒன்றை இறுக்கிப் போட்டிருந்தாள். புயலுக்குக் கப்பலைக் கட்டுகிற முடிச்சு. எத்தனை தடவை ஈயம் வைத்தும் நிற்காத கம்பி, ஒரு ரப்பர் துண்டில் நின்றிருந்தது.

அப்போதுதான் தல்சுவுக்கு விளங்கியது. அது தானாகக் கழன்றதே இல்லை. மற்ற வீடுகளில் கழலாதது, இங்கே மட்டும் ஏன் கழன்றது? கழற்றினாள். போன் பண்ணினாள். மீனை அடுப்பில் வைத்துவிட்டுத்தான் கழற்றியிருப்பாள், அவன் வரும்போது சரியாக வெந்திருக்குமே. அவனைக் கூப்பிடச் சாக்கு இல்லாமல் போன பிறகு, டப்பா கெடாமல் பார்த்துக்கொண்டாள்.

புது முட்டை வந்ததும் பழைய டப்பாவின் இணைப்பை அவனே துண்டித்திருந்தான். அவள் சொன்னது எதுவும் எங்கேயும் போகவில்லை. தினமும் சோற்று வேளைக்குப் பிள்ளை கேட்டான், அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள், நெஞ்சு அடைப்பதையும் சேர்த்து. நாளைக்கு வர்றேன் என்றான். அவளுக்குக் காதுதான் மந்தம், புத்தி இல்லை. அது டப்பா என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மறுநாள் அவனுக்கும் சேர்த்து இரண்டு துண்டு மீன் போட்டாள்.

"அம்மா! சோறு தின்னியா?" ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டப்பா விடவில்லை. அவன்தான் அதை அப்படிச் செய்திருந்தான், பதில் வரும்வரை விடாதே, நடுராத்திரி ஆனால்தான் அடங்கு என்று. "அம்மா! சோறு தின்னியா?"

பக்கத்து வீட்டுச் சுவரைத் தொக்சிம் தட்டினாள்.

"யாராச்சும் அந்தப் புள்ளைக்குப் பதில் சொல்லுங்களேன்! கத்திக் கத்தித் தொண்டை கிழியுது பாவம்!"

தல்சு டப்பாவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். இன்னும் நெத்திலி வாடை போகவில்லை.

"இன்னும் தின்னல" என்றான். "நல்லா இல்ல. கொஞ்சமும் நல்லா இல்ல."

"சரிம்மா" என்றது டப்பா. "நாளைக்கு வர்றேன்."

அப்புறம் கம்பெனி மூடவில்லை. ஹேரின் சுவரிலிருந்த பச்சைச் சீட்டுகளை முழுக்க உரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். இப்போது விற்கிற முட்டை நலமா என்று கேட்பதில்லை. பெற்ற பிள்ளையின் குரலில் சாப்பிட்டியா என்று கேட்கிறது. பதிலை மெஷின் அலசுவதில்லை, பிள்ளை தன் காதால் முழுக்கக் கேட்டால்தான் செல்போனில் எரிகிற புள்ளி அணையும். நாளைக்கு வர்றேன் என்ற வாக்கியத்தை மட்டும் தல்சு சேர்க்கவிடவில்லை. வேண்டுமானால் நேரில் போய்ச் சொல்லட்டும் என்றுவிட்டான்.

வியாபாரம் சுமார்தான். முதலீடு போட்டவர்கள் முகம் சுளிக்கிறார்கள். பிள்ளைகளிடமிருந்து நாடு முழுக்க ஒரே குறை வருகிறது: அம்மா சொல்ற பதில் ரொம்ப நீளமா இருக்கு, கேட்டு முடிக்க முடியல.

ஹேரின் அதை ஒவ்வொன்றாக எழுதிச் சுவரில் ஒட்டுகிறாள், பச்சைச் சீட்டில்.